இருபத்தோராவது சொல்

சீனன்குடாவைப் பார்த்த மேல்மாடி அறை.
ஏசி ஒழுகுகிறது, கீழே மஞ்சள் வாளி.
ஐந்து முகவர்களை எழுதி ஓடவிட்டிருக்கிறேன்,
ஒன்றுக்கும் உடம்பில்லை.
ஒன்று காற்றை அளக்கும்.
ஒன்றிடம் இறங்குதுறைக் கணக்கு.
இரண்டு, இழுவைப்படகுகளுக்காகப் பேரம் பேசும்.
கடைசி, வெளியே நங்கூரமிட்டிருக்கும்
கோதுமைக் கப்பலின் வாய்.

அவை தங்களுக்குள் பேச
இருபது சொற்கள் கொடுத்தேன்.
தெரிவி. வினவு. வேண்டு. உடன்படு. மறு.
விலை கேள். விலை சொல். சொன்னதை மீட்டுக்கொள்.
ஒவ்வொரு செய்தியிலும் வினைதான் முதல்,
விஷயம் அதற்குப் பின்னால்;
உறையின் மேலேயே
இது மன்றாட்டு, இது வாக்குறுதி என்று
எழுதி ஒட்டின மாதிரி.

எங்களுக்கு அப்படியில்லை.
தமிழில் வினை கடைசியில்தான் வந்து இறங்கும்.
"உங்கட வீட்டுக்கு நாளைக்குக் காலமை ஆக்கள்..."
வருவார்களா, வரமாட்டார்களா,
சிரிப்பதா, கதவைப் பூட்டுவதா,
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும்.
திருகோணமலையில்
அந்த இடைவெளிக்குள் வளர்ந்தவள் நான்.

'தெரிவி' என்பதற்கு இரண்டு பூட்டு.
சொல்வதைச் சொல்பவர் நம்பவேண்டும்.
கேட்பவருக்கு அது முன்பே தெரியும் என்று
எண்ணியிருக்கக் கூடாது.
இரண்டும் திறந்தால்தான் செய்தி போகும்.
இந்த விதியை எங்கள் கந்தோரில் போட்டால்
பதினொரு மணிக் கூட்டம்
பதினொன்று இரண்டுக்கு முடிந்துவிடும்.

புதன் இரவு ஒன்றேகாலுக்குக் காற்று முகவர் அனுப்பியது:
தெரிவி, கச்சான் எழும்புகிறது.
(பழைய பதிவேட்டிலிருந்து அந்தப் பெயரை
நானே தட்டி ஏற்றியிருந்தேன்.)
இரண்டாம் இழுவைப்படகு கணமும் தயங்கவில்லை:
விளங்கவில்லை.
காரணம்: கச்சான் சரக்குப் பட்டியலில் உள்ளது,
வறுத்தது, வறுக்காதது.
சரக்கு எழும்பாது.

சிரித்தேன், தனியாக, வாளி சாட்சியாக.
பிறகு சிரிப்பு நின்றது.
விளங்கவில்லை.
இருபதில் அதுவும் ஒரு சொல்,
மற்றவற்றின் அதே எடை,
வெட்கம் ஒட்டாதது.
கச்சேரியில் ஒருமுறை சிங்களப் படிவமொன்றுக்கு
ஓம் ஓம் என்று தலையாட்டிக்
கையொப்பம் வைத்தேன்.
எதற்கென்று இன்றைக்கும் தெரியாது.
அந்த எழுதுவினைஞரும் என் தமிழுக்கு
அதே மாதிரித்தான் தலையாட்டினார்.

கச்சானுக்குத் திசை, வேகம், மாதம்,
பின்னேரங்களில் அது குடாவின் தோலை உரிக்கும் விதம்.
கடைசியை எழுதக் கட்டமில்லை.
கடலை வேறு, காற்று வேறு என்று
பிரித்து எழுதி முடிக்க விடிந்துவிட்டது.

படியிறங்கினேன். ஜெட்டியில் சுனிமல்,
மெய்யான இழுவைப்படகின் மெய்யான தலைவர்,
வடம் சுற்றிக்கொண்டிருந்தார்.
என் சால்வை முகத்தில் அறைந்தது,
அவருடைய தொப்பி ஏற்கனவே தண்ணீரில்.
"காத்து" என்றார், தமிழில்.
"ஹுளங்" என்றேன் நான்.

இரண்டாவது பூட்டை இரண்டு பேரும் உடைத்தோம்.
அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.
ஒரு செய்தியும் போகவில்லை,
என்னவோ போய்ச் சேர்ந்தது.

மேலே வந்து இருபத்தோராவது சொல்லை எழுதினேன்.
நிபந்தனை: கேட்பவருக்கு அது
ஏற்கனவே தெரிந்திருக்க வேண்டும்.
பெயர் வைக்காமலே ஓடவிட்டேன்.
இழுவைப்படகுகள் இரண்டும் பிடித்துக்கொண்டன.
காற்று. காற்று. காற்று. காற்று.
நிமிடத்துக்கு நாலாயிரம் தடவை,
கோதுமைக் கப்பல் வெளியே காத்துக் கிடக்க.

அழித்தேன்.
எங்கே நிறுத்துவது என்பதை
எந்த விதியில் எழுத?

சுனிமல் எப்படி நிறுத்தினார் என்று
திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன்.
ஒன்றும் செய்யவில்லை மனிதர்.
குனிந்து, வடத்தின் அடுத்த சுற்றைப் பார்த்தார்.