ஒன்பதாம் நிரல்

இசிப்பிங்கோ ஆற்றுக்கு நான் வைத்திருக்கும் நிறம்
வெளிர்நீலம்.
நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தின் கோடு
கருநீலம்.
ஐந்தாண்டில் மூன்றுமுறை வந்துவிட்டது அது.
கோட்டின் பெயரை மட்டும்
இன்னும் யாரும் மாற்றவில்லை.

டர்பன், ஏழாம் மாடி, வடிகால் திட்டப் பிரிவு.
நான் தெஷ்னி படையாச்சி.
லிஃப்ட் ஓடும் நாள்களில்
எட்டு மணிக்கு மேசையில் இருப்பேன்.

எட்டு நிரல் கொண்ட அட்டவணை ஒன்று உண்டு.
எந்தத் தெருவுக்கு முதலில் குழாய் என்று
அதுதான் சொல்லும்.
காப்பாற்றப்படும் சொத்தின் மதிப்பைச்
செலவால் வகுக்கவேண்டும்.
ஒன்றுக்கு மேலே வந்தால் பச்சை.
கீழே போனால்
'அடுத்த திட்டக் காலத்தில் பரிசீலிக்கப்படும்.'

கடலோர அடுக்குமாடிகள்,
கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் தண்ணீர்:
நான்கு புள்ளி இரண்டு.
பாலத்தடித் தகரக் குடிசைகள் முந்நூற்றுப் பதினொன்று,
கழுத்தளவுத் தண்ணீர்:
பூச்சியம் புள்ளி பூச்சியம் மூன்று.
மூன்றுமுறை சரிபார்த்தேன்.
கணக்கில் பிழை இல்லை.

மார்ச்சில் மக்கள் கருத்துக் கேட்பு.
ஆறரைக்கு மின்சாரம் போனது.
சுவரில் இருந்த என் நீலங்களும் போயின.
கைப்பேசி வெளிச்சத்தில் பேசினோம்.

ரயிலடியில் மக்வின்யா சுட்டு விற்கும்
புசிசிவே எழுந்தாள்.
"உன் தாளில் என் அடுப்பு எவ்வளவு?"

என் அரைகுறை ஜூலுவில் விளக்கினேன்:
அசையாச் சொத்து மட்டுமே கணக்கு,
அடுப்பு அசையும்.

"என் வீடும் அசைந்ததே," என்றாள்,
"சுவரோடு, பாலம் வரைக்கும்."

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேனா
நினைவில்லை.

மேட்டுத் தெருவின் வெஸ்லி கவண்டர்
வரி ரசீதை உயர்த்திக் காட்டினார்.
"கட்டுகிறவன் மதிலும்தான் விழுந்தது.
கட்டாதவர்களுக்கு முதல் குழாயா?"
அவர் கேட்டதிலும் கோபத்துக்கு இடமுண்டு.
மதிலை எழுப்ப எத்தனை நாள் ஆனது என்றேன்.
"காப்பீடு வந்தது. பத்தொன்பது நாள்."
கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

புசிசிவே விரல்விட்டு எண்ணினாள்.
வேறு அடுப்பு வாங்க
நூற்றுப் பதினாறு.

மறுநாள் ஓடையின் பழைய ஆழம் பார்க்க
ஆவண அறையில் அந்தக்கால வரைபடத்தை விரித்தேன்.
அதே வளைவு. அதே சதுப்பு.
பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்:
'இந்தியர், காய்கறித் தோட்டம். தற்காலிகம்.'
பட்டியலில் படையாச்சி உண்டா என்று
தேடவில்லை.
நான்கு மணிக்குள் அட்டவணை கேட்டிருந்தார்கள்.

ஒன்பதாவதாக ஒரு நிரல் சேர்த்தேன்:
மீண்டெழும் நாள்.
குடிசைகள் மேலே ஏறின.
கார் நிறுத்துமிடம் பதினான்காம் வரிசைக்கு இறங்கியது.

மேலாளர் ம்தேத்வா கண்ணாடியைக் கழற்றினார்.
"இதற்கு விதி எண் என்ன?"
இல்லை என்றேன்.
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"பின்னிணைப்பில் வை.
பின்னிணைப்பை யாரும் படிப்பதில்லை.
அதனால் யாரும் வெட்டுவதுமில்லை."

அறுநூறு மீட்டர் கேட்டோம்.
ஜூனில் மன்றம்
இருநூற்று நாற்பது தந்தது.
கடலோரத்துக்கும் சுவர் உண்டு, வேறு தலைப்பில்.

குழாய் இப்போது
நூற்று நாற்பதாவது குடிசையின் பின்னால் முடிகிறது.
புசிசிவேயுடையது நூற்று நாற்பத்தொன்று.

நேற்று அழைத்தாள். திட்டவில்லை.
வெள்ளிக்கிழமை மழையாமே என்றாள்.
ஆம்.
அடுப்பைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டாளாம்.
கட்டில் என்ன உயரம் என்று கேட்டேன்.
ஒரு முழமும் நாலு விரலும்.

கோடு அதற்கும் ஒரு சாண் மேலே போகிறது.
சொல்லிவிட்டேன்.