நூறு புள்ளி ஒன்று நாலு

ஆரல்வாய்மொழியில் ஆடிக் காற்று
சுண்ணாம்புக் கோட்டை இரண்டு தடவை அழித்துவிட்டது.
மூன்றாம் தடவை பழைய டயர்களை அடுக்கினார்கள்.
காற்றாடிகளுக்குக் கீழே பைக் பந்தயம் வைக்க
எவனுக்குத் தோன்றியதோ.

என் மேஜைமேல் வெர்னியர், கால்குலேட்டர்,
பறக்காமலிருக்க
ஒரு ஸ்ப்ராக்கெட்டைப் பாரம் வைத்த விதித்தாள்:
ஐம்பது வயது கடந்தோர். டூ ஸ்ட்ரோக்.
நூறு சி.சி.க்கு மிகாமல்.
எழுதிய பையனுக்கு இருபத்தேழு.
"அதுக்கு மேல போனா எலும்பு தாங்காது, மைனி."
எலும்பை அளக்க என்னிடம் கருவி இல்லை.
சிலிண்டரை அளப்பேன்.

கிறிஸ்துதாசன் ஜெயித்தார்.
ஐம்பத்தெட்டு வயது, கருங்கல் ரூட்டில் மினிபஸ் ஓட்டியவர்,
இடது முழங்காலில் ஸ்டீல் தட்டு.
இரண்டாவதாக வந்த பீர்கண்ணு
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்
ஐந்நூறு ரூபாயை என்முன் வைத்தார்.
ஆட்சேபக் கட்டணம்.
"அவன் ஹெட்டைக் கழத்துங்கோ."
காலையில் இருவரும் ஒரே வேனில்
வண்டிகளை ஏற்றி வந்தவர்கள்.

கழற்றாமலே எனக்குத் தெரியும்.
தக்கலையில், என் போரிங் மெஷினில்
இரண்டு முறை கடைந்த சிலிண்டர் அது.
மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம்
ஒரு கால் மில்லி.
பேச்சிப்பாறை ஏற்றத்தில் பிஸ்டன் பிடித்து
ரப்பர் ஷீட் லாரியில் வண்டி வந்து இறங்கிய ராத்திரி
இன்னொரு கால்.
இருந்தும் கழற்றினேன், இருந்தும் அளந்தேன்.
போர் ஐம்பதரை. ஸ்ட்ரோக் ஐம்பது.
நூறு புள்ளி ஒன்று நாலு.

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு
சொட்டுமருந்து விடுவோமே,
அதில் மூன்று சொட்டு. அவ்வளவுதான் அதிகம்.

"தேஞ்சா குறையத்தானே செய்யணும்?
இதென்ன எழவு, கூடுகு!" என்றார் கிறிஸ்துதாசன்.
இரும்பு குறையத்தான் செய்தது, ஓய்.
ஓட்டையைத்தான் எண்ணுகிறோம்.

அவரும் ஐந்நூறு வைத்தார்.
பீர்கண்ணுவின் சிலிண்டர்: நூற்றொன்று.
பீர்கண்ணு சிரித்துக்கொண்டே தாணப்பனைக் கைகாட்டினார்.
தோவாளைப் பூக்கடைக்காரர், நாலு சைஸ் கூட்டியவர்,
நூற்றிரண்டு புள்ளி ஒன்று.
"ஸ்லீவ் இறக்க மனசு வரல்ல" என்றார்,
பல்லைப் பிடுங்க மறுப்பவர்போல.
அடுத்து வின்சிலாஸ். அடுத்து அவர் மச்சினன்.
நட்டுகள் ஐந்து எவர்சில்வர் தட்டுகளில்,
அத்தனையிலும் மணல்.
ஆட்சேபம் சரியென்றால் பணம் திரும்ப உண்டு.
எல்லா ஆட்சேபமும் சரி.
எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்தேன்.

மிஞ்சியது சுகுமாரன் தம்பி.
ஆறாவது இடம்; ஆறே வண்டிகள்.
குழித்துறையில் பாங்கு மேனேஜராக இருந்தவர்,
இருபத்தொன்பது வருடம் உறைபோட்டு மூடிவைத்த வண்டி,
மீட்டரில் பதினோராயிரம்.
தொண்ணூற்றெட்டு புள்ளி ஒன்று ஏழு.
கம்பெனியில் கடைந்த கோடுகள் உள்ளே அப்படியே.
கோப்பையை வாங்கிக்கொண்டார்.
மற்ற ஐந்து பேரும்
அடுத்த ஆண்டு நூற்றைம்பது பிரிவில்,
நாற்பது வயதுப் பையன்களோடு ஓட வேண்டும் என்றது கமிட்டி.
டீக்கடை பெஞ்சில் அவர்கள்
அந்தப் பையன்களை வளைவில் எப்படிக் கடப்பதென்று
கத்திக் கத்திச் சண்டை போட்டார்கள்.
இவர் கோப்பையைத் தரையில் வைத்து
வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை பட்டறைக்கு வந்தார்,
துவர்த்தில் பொதிந்த சிலிண்டரோடு.
"அரை மில்லி கூட்டித் தரணும்."
தேய்மானமே இல்லை, சார். கண்ணாடி மாதிரி இருக்கு.
"தெரியும்."
கடைந்து எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது.
"அதுவும் தெரியும்."
சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய அட்டைப் பெட்டி:
ஐம்பது சைஸ் பிஸ்டன், ரிங்கோடு,
முன்கூட்டியே வாங்கியிருக்கிறார்.

மெஷினில் வேறொருவர் வேலை ஓடிக்கொண்டிருந்தது.
வியாழக்கிழமை வரச் சொன்னேன்.