மூன்றாவது தடவை

இரவு ஒன்றே கால்.
மறுபடியும் முட்டுகிறது.
குடித்ததென்னவோ
அரைக் கிண்ணம் உப்புத் தேநீர்தான்.

இடப்பக்கமே படு என்றிருக்கிறாள் நர்ஸ்.
இடப்பக்கம் கம்பளிச் சுவர்: முகம் உறைகிறது,
அடுப்பைப் பார்த்த முதுகு வேகிறது.
புரளலாம் என்றால்
வயிற்றை முதலில் ஒரு கையால் தூக்கி வைத்து
பின்னாலேயே தான் போய்ச் சேர வேண்டும்.
அதற்குள் கெண்டைக்காலில் ஒரு சுண்டல்.
பல்லைக் கடித்து எண்ணுகிறாள் ஹுலான்.
பதினெட்டில் விடுகிறது.

சரி, எழுந்தாயிற்று.
கணவனின் ஆட்டுத்தோல் அங்கி.
கச்சையை எங்கே கட்டுவது,
இடுப்பு என்று ஒன்று இருந்த இடத்தை
யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.
பூட்ஸும் அவனுடையதே, இரண்டு அளவு பெரிசு;
வீங்கின பாதத்துக்குக் கச்சிதம்.
கான்துல்கா தெற்கே, எல்லையில்,
நிலக்கரி லாரிகளின் வரிசையில்
எழுபதாவதோ எழுபத்தொன்றாவதோ ஆளாக நிற்கிறான்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
முதல் மூச்சிலேயே மூக்குமயிர் விறைக்கிறது.
கழிப்பறைக்கு இருபத்தாறு எட்டு.
போன மாதம் இருபத்திரண்டுதான்.
கழிப்பறை நகரவில்லை.

மேட்டுக்குக் கீழே உலான்பாட்டர்
புகையைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது,
விளக்குகள் சாம்பலுக்குள் தணல்.
சங்கிலி நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
திரும்பச் சுருண்டுகொள்கிறது.
முதல் இரண்டு தடவை குரைத்தது.

இரண்டு பலகை, நடுவில் இருட்டு.
குந்துவதற்கென்று அவன் ஆணியடித்துப் போன
கயிற்று வளையம்.
பிடித்து, இறங்கி, இன்னும் இறங்கி,
இத்தனைக்கும்
நாலு சொட்டு.

சிரிப்பு வந்துவிட்டது.
சிரித்ததில் இன்னும் ரெண்டு.
விலாவுக்கடியில் ஒரு குதிகால்
அவசரமாய் இடம் மாறுகிறது.
"நீ எதுக்கு முழிச்சே?"

திரும்பி வந்தால்
அடுப்பு அணையப் பார்க்கிறது,
நெஞ்சு எரிகிறது.
மண்டியிட்டுக் கரிக்கட்டிகளைப் போடுகிறாள்.
இதற்கும் மூன்று மணிக்கொரு தரம் பசிக்கும்.
பழகிக்கொள் என்று யாரோ
முன்கூட்டியே சொல்வது போலிருக்கிறது.
உள்ளே இப்போது விக்கல்;
வயிற்றின் மேல் வைத்த கிண்ணம்
சீராகத் துள்ளுகிறது.

போனில் அவனுடைய செய்தி, முக்கால் மணிக்கு முந்தையது:
தூங்கிட்டியா?
ஆமா, என்று அனுப்புகிறாள்.
மறுநொடியே பதில்:
நானும்.

அங்கியைக் கழற்றவில்லை.
எதற்கு,
மணி இன்னும் இரண்டுகூட ஆகவில்லை.