கதவு திறந்திருக்கிறது

பைசாந்தூ ஊர்க்கோடியில்
நாற்காலிக் கம்பெனியை மூடிய மறுவாரம்
ஏலத்தில் எடுத்தோம்.
எண்ணூறு கிலோ. இத்தாலியில் பிறந்தது.
வயிற்றில் யாரோ ஒட்டிய துண்டுக் காகிதம்: தொடாதே.
தொட்டோம். கடன் வாங்கியல்லவா தொட்டோம்.

மின்சாரம் கொடுத்தால் மூச்சு வருகிறது,
உள்ளே விசிறி சுற்றுகிறது,
பச்சை விளக்கு எரிகிறது. அவ்வளவுதான்.
வாஷிங்டன்
(ஆம், என் கணவன் பெயர் அதுதான்,
உருகுவேயில் அப்படியும் வைப்பார்கள்)
கணினியில் கட்டளை அடிக்கிறான்:
எக்ஸ் பத்து.
மறுபடி எக்ஸ் பத்து.
எக்ஸ் பத்து, கழுதைக்குப் பிறந்ததே!
பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது.
இயந்திரம் அசையவில்லை.

ஜூலை. எங்களுக்கு அதுதான் குளிர்காலம்.
கொட்டகைத் தகரத்தில் பனி சொட்டுகிறது.
மாத்தே குடுவை கைமாறிக் கைமாறி
இலை சாரமிழந்து வெந்நீராகிவிட்டது.
கேபிளைத் திட்டினோம், பிறகு மென்பொருளை,
பிறகு, யாரும் ஏலத்துக்குப் போகச் சொல்லவில்லை என்று
ஒருவரையொருவர்.
மூன்றாம் இரவு அவன் மரத்தூள் மூட்டைமேல்
தூங்கிப்போனான், வாய் திறந்தபடி.

மீட்டரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.
ஒன்பது ஊசி. வேலை செய்வது மூன்றோ நான்கோ.
இரண்டு கேட்பதற்கு, மூன்று பேசுவதற்கு.
முள்ளை வைத்துப் பார்க்கிறேன்,
கீச்சென்று கத்துகிறது மீட்டர்.
மூன்றிலிருந்து போன கம்பி
அந்தப் பக்கமும் மூன்றில்தான் முடிகிறது.
வாயையும் வாயையும் சேர்த்துக் கட்டி
காதையும் காதையும் சேர்த்துக் கட்டி
யாரோ கச்சிதமாய்ப் பற்றவைத்த கேபிள்.

சத்தமில்லாமல் வெட்டினேன்.
இரண்டை மூன்றோடு, மூன்றை இரண்டோடு.
ஈயம் புகைந்து கண் எரிந்தது,
பெருவிரலில் ஒரு கொப்புளம்.

செருகியதும்
நான் ஒன்றும் கேட்காமலே
திரையில் ஒரு வரி வந்தது.
மறு நொடி அதே வரி.
அடுத்த நொடியும் அதே வரி.
எனக்கு இத்தாலியன் தெரியாது,
ஆனால் ஸ்பானியக்காரிக்கு இது புரியாதா:
கதவு திறந்திருக்கிறது
கதவு திறந்திருக்கிறது
கதவு திறந்திருக்கிறது

மூன்று நாளாக
நாங்கள் கத்தக் கத்த
இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

கதவு ஏது?
அதன் கண்ணாடிக் கதவைத் தனியே ஏலம் விட்டார்கள்.
தக்காளி நாற்றுக்குப் பனிமூடியாகும் என்று
டகோபெர்த்தோ கொண்டுபோனார், இருநூறு பெசோவுக்கு.
நானே வண்டியில் ஏற்றிவிட்டேன், ஒரு கை பிடித்து.

கதவு உரச வேண்டிய இடத்தில்
கட்டைவிரல் அளவு ஒரு கறுப்புப் பெட்டி.
காந்தம் நெருங்கினால் கதவு மூடியதாக நம்பும்.
குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த பசுமாட்டைப் பிய்த்து வந்தேன்,
கடன் கொடுத்த வங்கி அன்பளிப்பாகத் தந்தது.
வைத்தேன். வரி நின்றது.

"எழுந்திரு. நாலடி தள்ளி நில்.
இது பொய்க் கதவு, கையை நீட்டினால் கை போய்விடும்."
எக்ஸ் பத்து, என்றேன்.

நகர்ந்தது.
கொட்டகை முழுக்க ஒரு முனகல்,
பழைய கிரீஸ் நாற்றம்.
வாஷிங்டன் சிலுவை போட்டுக்கொண்டான்,
கோயிலுக்கே போகாதவன்.

விடிவதற்குள் ஒரு பலகை வெட்டிப் பார்த்தோம்.
ரொட்டிக்கடைப் பெயர்ப்பலகை, முதல் ஆர்டர்.
எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல்
இடம்வலம் மாறி விழுந்திருந்தது.
ஏதோ ஓர் அச்சு தலைகீழ்.
அதை நாளைக்குப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் டகோபெர்த்தோவிடம் போகவேண்டும்.
நாற்று எவ்வளவு உயரம் வந்திருக்கிறதோ,
என்ன விலை சொல்வாரோ.