வராதோர் பட்டியல்

மழை இங்கே செய்தியில்லை.
தென் சிலேயின் இந்த ஆற்றங்கரையில்
பெய்யாத நாளுக்குத்தான் காரணம் கேட்போம்.
பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின்
கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான்.
பத்தொன்பது ஆண்டாக
வாய் திறக்காமல் இருப்பதற்குச் சம்பளம்.

அன்றைக்குப் பொருள் நான்கு:
உயிர்ப்பன்மையக் காப்பு நடுவம்.
மூன்று மாடி, முழுக்கக் கண்ணாடி, கூரையில் புல்.
இடம், நூலகத்துக்குப் பின்னாலுள்ள ஈரப் பள்ளம்.
வரைபடத்தில் அது
ஒன்றுமில்லாத வெள்ளை.

மூன்று நிமிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார்
விலங்கியல் ஆய்வகப் பணியாள் ஒர்லாந்தோ காயுலெஃப்.
சேற்றுக் காலணியைக் கதவுக்கு வெளியே விட்டிருந்தார்.
காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.
வணக்கம்கூடச் சொல்லாமல்
கைப்பேசியை மேசைமேல் வைத்து அழுத்தினார்.

கீச்சென்று ஒன்று.
எண்ணெய் காணாத கீல் மாதிரி.
பிறகு வெறும் மழை.
பிறகு மறுபடி அது.

"தவளை," என்றார்.
"கட்டைவிரல் நீளம்கூட இருக்காது.
மூக்கு ஊசியாய் நீண்டிருக்கும்.
இலைமேல் உட்கார்ந்தால் இலை.
முட்டைக்குள் குஞ்சு அசையும்போது
ஆண் அதை வாயில் அள்ளிக்கொள்ளும்.
தொண்டைப் பைக்குள் வைத்து வளர்க்கும்.
வால் சுருங்கி, கால் முளைத்து,
அவை வெளியே துள்ளும்வரை..."
நேரம் முடிந்தது.

"எத்தனை இருக்கின்றன?" என்றார் நிதித்துறைத் தலைவர்.
"பதினான்கு."
"பதினான்காயிரமா?"
"பதினான்கு."

சிரிப்பு.
"பிடித்து வேறெங்காவது விட்டுவிடலாமே?"
"விடலாம். நம் காலணியில் ஒட்டிய பூஞ்சையும்
கூடவே குடிபோகும்."

ஆதரவு ஒன்பது. எதிர்ப்பு இரண்டு.
ஒருவர் காப்பி எடுக்கப் போயிருந்தார்.

அன்று மாலை பள்ளத்தருகே போய்
இருட்டில் காது கொடுத்து நின்றேன் என்று
எழுதினால் அழகாக இருக்கும்.
போகவில்லை.
ஆறேகால் பேருந்தை விட்டால் எட்டு மணிக்குத்தான்.

வீட்டில் தட்டச்சு செய்தேன்.
வந்திருந்தோர்: பன்னிரண்டு.
வராதோர்:
விரல் அங்கே நின்றுவிட்டது.
அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அணைத்துவிட்டு வந்தேன்.
வராதோர்: பதினான்கு.
அழைப்பு அனுப்பப்படவில்லை.
சிரிப்பையும் எழுதினேன்,
யார் யாருடையது என்பதோடு.

அடுத்த அமர்வில் வாசித்து ஒப்பும்வரை
எந்தத் தீர்மானத்துக்கும் உயிரில்லை.
விதிநூலின் தூங்குமூஞ்சிப் பத்தி அது.
யாரும் கேட்காத வேகத்தில் வாசிப்பது வழக்கம்.
அன்று மெதுவாக வாசித்தேன்.

நிதித்துறைத் தலைவர் சிவந்தார்.
"சிரித்ததை நீக்குங்கள்."
"நீக்கினால் பொருள் நான்கை முழுக்கத் திறக்கவேண்டும்,"
என்றாள் சட்டத்துறை மாதில்தே ஓயார்சூன்,
கண்ணாடியைத் துடைத்தபடி.
"திறந்துவிட்டோமென்றால் எனக்கும் ஒரு கேள்வி.
அந்தப் பதினான்கு பேருக்கு ஏன் கடிதம் போகவில்லை?"
இம்முறை யாரும் சிரிக்கவில்லை.
சிரித்தால் எழுதிவிடுவேன்.

நடுவம் இப்போது
பழைய வாகன நிறுத்தத்தின்மேல் நிற்கிறது.
துணைவேந்தர் எட்டு நிமிடம் மழையில் நடக்கிறார்,
என்னைப் பார்க்கும்போதெல்லாம் குடையை உதறுகிறார்.
கண்ணாடி பாதியாகிவிட்டது:
எத்தனை பறவை மோதிச் சாகும் என்று
முதலாண்டு மாணவி ஒருத்தி கணக்கோடு வந்தாள்.
பள்ளத்தின் வாசலில் ஒரு தட்டு, மருந்துநீர், தேய்ப்பான்.
அமைச்சர் வந்தாலும் குனிந்து காலணி தேய்க்கவேண்டும்.
ஒர்லாந்தோ பக்கத்தில் நின்று பார்ப்பார்.

இந்த வசந்தத்தில் எண்ணினார்கள்.
பதினொன்று.
வென்றோம் என்ற சொல்லை
அறிக்கையிலிருந்து அவரே அடித்துவிட்டார்.

ஆனால் பதினொன்றில் ஒன்று,
கோய்குவே மரத்தடிப் பாசியில்,
தொண்டை புடைத்து உட்கார்ந்திருந்ததாம்.
விளக்கொளி பட்டும் வாய் திறக்கவில்லையாம்.

உள்ளே எத்தனை பேரோ.
அவர்களை வந்திருந்தோரில் சேர்ப்பதா, வராதோரிலா என்று
இன்னும் அந்த வரியை
நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.