ஒரே குழாய்

செட்டிநாட்டில் குளிரா என்று கேட்பவர்கள்
மார்கழியில் இங்கே தூங்கியதில்லை.
சித்திரையில் நம்மைக் காத்த அதே சுண்ணாம்புச் சுவர்
வருஷமெல்லாம் சேர்த்த குளிர்ச்சியை
வட்டியோடு திருப்பித் தரும்.
தரையில் கால் வைத்தால் கணுக்கால் வரை கடன்.

பள்ளத்தூரில் நான் குத்தகைக்கு எடுத்து நடத்தும்
ஒன்பது அறைகளுக்கு
இரண்டு நெருப்பு.
ஒன்று மொட்டைமாடியில்,
முந்நூறு லிட்டர், வெள்ளைப் பெயின்ட்,
சுவிட்சைத் தட்டினால் ஒரு சிவப்புப் பொட்டு.
மற்றது கொல்லையில்,
செம்பு பாய்லர், அடியில் சீமைக்கருவேலம்,
பக்கத்தில் செவத்தியான்.

சக்களத்திகள் என்றுதான் சொல்லுவேன்.
மழையில் விறகு நனைந்து
இவள் மூக்கைச் சிந்தினால்
அவளிடம் ஏறிப் போவேன்.
கரண்ட் போன விடியலில்
அவளைத் திரும்பியும் பார்க்காமல் இறங்கி வருவேன்.
நடுவில் புருஷன் படும் பாடு எனக்கு.

செவத்தியான் நாலரைக்கு வருவான்.
மப்ளரை அவிழ்க்காமலே முள் ஒடிப்பான்.
தென்னம்பாளை, ஒரு மூடி மண்ணெண்ணெய்,
அப்புறம் கட்டை.
ஹீட்டர் வந்த அன்று அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.
அந்தச் சுவிட்ச் போடும் வேலையையும்
அவனுக்கே கொடுத்தேன்.
விறகுக் குச்சியால்தான் தட்டுவான்,
ஷாக் அடிக்குமாம்.

இந்த மார்கழியில் கோயம்புத்தூரிலிருந்து
பேங்கில் ரிடையரான ஒருவரும் அவர் மனைவியும்.
நாலாவது நாள் என்னைக் கூப்பிட்டு,
"மாடிக் குழாய்த் தண்ணி வேண்டாம்மா,
கொல்லையில இருந்து வாளியில கொடுங்க.
முட்டி வலி பாதி போயிருச்சு."
அது பரவி
எல்லா அறைக்கும் வாளி.
விறகுத் தண்ணீர் உடம்பில் நிற்கும் என்றார் ஒருவர்.
அதற்கு ஒரு வாசனை உண்டு என்றாள்
ஒரு சென்னைப் பெண், கண்ணை மூடிக்கொண்டு.
செவத்தியான் கழுத்தில் மப்ளர்
இன்னொரு சுற்று ஏறியது.

எனக்கும் பெருமைதான்.
முக்கால் டன் போக வேண்டிய மாதத்தில்
விறகு பாதிகூடக் கரையவில்லை.
கைராசி என்று எழுதி வைத்தேன்
கணக்கு நோட்டில், ஓரத்தில்.

பிறகு கரண்ட் பில் வந்தது.

பீர் முகமது ஸ்பேனரோடு வந்து
குழாயை மேலிருந்து கீழ்வரை
நாடி பார்ப்பது போல் தொட்டுக்கொண்டே வந்தார்.
பாய்லருக்குள் பச்சைத் தண்ணீர் இறங்கும் வாயில்
உப்புப் படிந்து, படிந்து, கல்லாகி
ஈர்க்குச்சிகூட நுழையவில்லை.
"முன்வாசல் அடைச்சுக் கிடக்கு.
வெந்நீர் லைன் வழியா பின்வாசல்ல ஏறியிருக்கு.
மாடியில காஞ்சதைத்தான்
இத்தனை நாளும் இங்க பிடிச்சிருக்கீங்க."

செவத்தியான் குந்தியிருந்தான்.
அடுப்பில் இரண்டு கட்டை
ஒன்றுமே நடக்காதது போல எரிந்தன.
ரொம்ப நேரம் கழித்துக் கேட்டான்:
"அப்ப நான் எதைக் காய்ச்சிக்கிட்டு இருந்தேன்?"

பீர் சிரிக்கவில்லை.
அதற்காகவே அவருக்கு இன்னொரு டீ சொன்னேன்.
ஒருவழி வால்வு முந்நூற்று நாற்பது.
கூலி தனி.

கோயம்புத்தூருக்குச் சொல்லவில்லை.
போன வலி போனதுதான்.
நோட்டில் ஓரத்தில் எழுதியதை
அடிக்கவும் இல்லை.

மறுநாள் ஐந்தே காலுக்கு
கொல்லையெல்லாம் புகை.
அடுத்த வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தும் சத்தம்.
அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறான்.
ஒரு வாளியை என் முன்னால் வைத்து,
"கையை வச்சுப் பாருங்க.
இது என்னோடது."

வைத்தேன்.
பொறுக்க முடியாத சூடு.
ஒரு மூச்சு வரை எடுக்கவில்லை.

"சுடுது" என்றேன்.

சரி என்பது போல் தலையை ஆட்டிவிட்டு
விறகுக் குச்சியோடு மாடிக்குப் போனான்,
சிவப்புப் பொட்டை அணைக்க.