ஐந்து கோடுகள்

ட்ரோம்சோ. சூரியன் வராத மாதம்.
உருளைக்கிழங்கு மாவைக் காய்ச்சிப்
பலகையாக ஊற்றுகிறாள் ராக்னி.

ஹில்மார் படகிலிருந்து கொண்டுவந்த புட்டிகளில்
சீலின் ஈரல், முதுகுத்தசை, இதயம்.
"ஒரே விலங்குக்கு எதற்கு இத்தனை புட்டி?"

வேலை என்னவோ ஒன்றுதான்:
லாக்டேட்டிடம் ஹைட்ரஜனைப் பிடுங்குவது,
மூச்சு முட்டினால் திருப்பிக் கொடுப்பது.
ஆள்தான் வேறு.
இரண்டு வகை இழை,
நாலு நாலாய்ச் சேர்ந்தால்
ஐந்து விதக் கட்டு.
ஈரலுக்குப் பிடித்தது இதயத்துக்கு ஆகாது.

குளிரறையில் இரவெல்லாம்
மின்சாரம் அவற்றை இழுத்துப் பிரித்தது.
சாயத்தில் போட்டாள்.
இருட்டில் மெல்ல எழுந்தன
நாவற்பழக் கறைகள்.

இதயத்தின் வரிசையில்
தசையின் கோடு.
அதுவும் தடித்து.

சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேனா?
மறுபடி அரைத்தாள், ஊற்றினாள், காத்திருந்தாள்.
அதே கோடு.

பூட்ஸில் பனியோடு எட்டிப்பார்த்த ஹில்மார் சொன்னான்:
"பனிக்கட்டி ஓட்டையருகே
அரை மணி நேரம் நின்றிருக்கிறேன்.
என் கால்தான் மரத்தது.
அது வரவேயில்லை."

அவன் போன பிறகு
நோட்டில் தேதி போட்டாள்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி
மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

நாற்பத்தொன்று.